அம்மா அழவில்லை

போன வருடம் ஒரு சிற்றிதழில் அப்பாவைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினேன். அப்பா இறந்து அப்போது ஆறு வருடம் ஆகியிருந்தது. லாரி டிரைவர். குடித்தவர். குடித்த இரவுகளில் கை நீட்டியவர். எதையும் மறைக்காமல் எழுதியிருந்தேன். நிறையப் பேர் படித்தார்கள். முகம் தெரியாதவர்கள் "எங்க அப்பாவும் இப்படித்தான் பாஸ்" என்று செய்தி அனுப்பினார்கள். நான் மதிக்கிற ஒரு மூத்த எழுத்தாளர் போனில் கூப்பிட்டு, "துணிச்சல் வேணும் இதுக்கு" என்றார். உண்மையைச் சொல்கிறேன், கொஞ்சம் தலைக்கு ஏறித்தான் போயிருந்தது.

பொங்கலுக்குக் கோவில்பட்டி போயிருந்தேன். அம்மாவுக்கு எழுத்துக்கூட்டித்தான் படிக்க வரும். பதினொன்றாம் வகுப்பு படிக்கும் அக்கா மகள்தான் அந்தக் கட்டுரையை முழுக்க வாசித்துக் காட்டியிருக்கிறாள். எனக்கு அது தெரியாது. சாப்பிட உட்கார்ந்தேன். அம்மா சாம்பார் ஊற்றினாள், ரசம் ஊற்றினாள். ரசக் கரண்டியைப் பாத்திரத்தில் வைத்துவிட்டுச் சொன்னாள்.

"நல்லாத்தான் எழுதியிருக்க. ஆனா அது எங்கதையும்தானய்யா. எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல."

கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். "என் வாழ்க்கையை நான் எழுத யார்கிட்ட கேக்கணும்?" என்ற வாக்கியம் நாக்கு நுனியில் தயாராகவே இருந்தது. பட்டறைகளிலும் புத்தக வெளியீடுகளிலும் நான் பலமுறை சொன்ன வாக்கியம்தான். அன்றைக்கு வாய் வரவில்லை. மோர் ஊற்றச் சொல்லிச் சாப்பிட்டு எழுந்துவிட்டேன்.

அதிலிருந்து இந்தக் கேள்வி என்னை விடவில்லை. தன் வாழ்க்கையை எழுதுகிற ஒருவர், அதற்குள் இருக்கும் மற்றவர்களின் வாழ்க்கையை எழுத என்ன உரிமை வைத்திருக்கிறார்?

*

சுயசரிதை என்ற சொல்லிலேயே ஒரு சின்னப் பொய் இருக்கிறது. 'சுய' என்று தொடங்குகிறது. தன்வரலாறு என்று மாற்றிச் சொன்னாலும் அதே கதைதான். பிறந்தேன் என்று எழுதும்போதே ஒரு அம்மா உள்ளே வந்துவிடுகிறாள். பள்ளிக்கூடம் போனேன் என்றால் ஒரு வாத்தியார். காதலித்தேன் என்றால் சொல்லவே வேண்டாம். தனி ஒருவரின் வரலாறு என்று எதுவும் இல்லை. பத்து இருபது பேருடைய வாழ்க்கை கலந்து கிடக்கும் ஒரு பொதுக் கிணற்றில் ஒருவர் மட்டும் வாளியை இறக்குகிறார், அவ்வளவுதான்.

கல்லூரிக் காலத்திலிருந்து நான் அதிகம் படித்தது நாவல்களை அல்ல, வாழ்க்கை வரலாறுகளைத்தான். ஒரே ஜென்மத்தில் பல ஜென்மம் வாழ்கிற சுலபமான வழி அது. ஒரு தமிழ்ப் பண்டிதராக, ஒரு கன்னியாஸ்திரீயாக, ஆம்ஸ்டர்டாமில் ஒளிந்திருக்கும் சிறுமியாக, திருச்சூரில் பாலியல் தொழில் செய்த பெண்ணாகக் கொஞ்ச நேரமாவது இருந்து பார்க்கலாம். ஆனால் அம்மா கேட்ட பிறகு அதே புத்தகங்களை எடுத்தபோது வேறு ஆட்கள் என் கண்ணில் பட ஆரம்பித்தார்கள். 'நான்' என்று பேசுகிறவருக்குப் பக்கத்தில், பேசாமல் நிற்கும் ஆட்கள்.

முதலில் கண்ணில் பட்டவர் கஸ்தூரிபா.

காந்தி தன் சுயசரிதையை 1925-இல் 'நவஜீவன்' வார இதழில் குஜராத்தியில் தொடராக எழுதத் தொடங்கினார். தமிழில் நாம் 'சத்திய சோதனை' என்று படிப்பது அதைத்தான். தன்னைப் பற்றி இவ்வளவு இரக்கமில்லாமல் எழுதிய தலைவர்கள் குறைவு. பதின்மூன்று வயதில் கல்யாணம், மனைவியைச் சந்தேகப்பட்டு அடக்கி வைத்தது, அப்பா சாகும் நேரத்தில் பக்கத்தில் இல்லாமல் படுக்கையறையில் இருந்தது, எல்லாம் உண்டு.

அதில் டர்பன் வீட்டுச் சம்பவம் ஒன்று வரும். 1898. காந்தியின் அலுவலகக் குமாஸ்தாக்கள் சிலர் அவர் வீட்டிலேயே தங்கியிருந்தார்கள். அறைகளில் சிறுநீர்ச் சட்டிகள் இருக்கும். அவற்றைக் காந்தியும் கஸ்தூரிபாவும் சுத்தம் செய்ய வேண்டும் என்பது காந்தியின் ஏற்பாடு. புதிதாக வந்த ஒரு குமாஸ்தா, தீண்டப்படாதவர்கள் என்று ஒதுக்கப்பட்ட பெற்றோருக்குப் பிறந்த கிறிஸ்தவர். அவருடைய சட்டியைத் தூக்கிக்கொண்டு கஸ்தூரிபா கண்ணீரோடு படி இறங்குகிறார். காந்திக்கு அது போதவில்லை. சந்தோஷமாகத் தூக்க வேண்டும் என்கிறார். சண்டை வருகிறது. மனைவியின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் வெளியே தள்ளுவதற்காக வாசல் கதவைத் திறக்கிறார். கஸ்தூரிபா அழுதுகொண்டே கேட்கிறார்: வெட்கமில்லையா உங்களுக்கு, இந்த ஊரில் எனக்கு யார் இருக்கிறார்கள், நான் எங்கே போவேன்? காந்தி வெட்கப்பட்டுக் கதவைச் சாத்துகிறார்.

இந்த இடத்தை முதன்முதலில் படித்தபோது காந்தியின் நேர்மைதான் எனக்குத் தெரிந்தது. நாடே வணங்கும் மனிதர் தன் அசிங்கத்தைத் தானே எடுத்து வைக்கிறார். இப்போது படிக்கும்போது வேறொன்றும் தெரிந்தது. அந்தத் தொடர் வெளிவந்தபோது கஸ்தூரிபா உயிரோடு, அதே ஆசிரமத்தில் இருக்கிறார். முப்பது வருடத்துக்கு முந்தைய தன் அவமானம், தன் கண்ணீர், சாதி பற்றிய தன் அருவருப்பு எல்லாம் வாராவாரம் அச்சாகி ஊர் ஊராகப் போகிறது. அவரிடம் கேட்டுவிட்டு எழுதினேன் என்று ஒரு வரி, நான் தேடிய வரை அந்தப் புத்தகத்தில் கண்ணில் படவில்லை.

ஆனாலும் வாசல் காட்சியில் ஜெயிப்பது கஸ்தூரிபாதான். அதையும் மறுக்க முடியாது. அங்கே சரியான பேச்சு முழுக்க அவருடையது. தோற்றவர் கையால், தோற்ற மாதிரியே எழுதப்பட்ட காட்சி அது. இதில் எனக்குப் புகார் இல்லை. என் புகார், அதே அத்தியாயத்தில் வேறோர் இடத்தில் வருகிற ஒரு கருத்தின் மேல். தன்னுடைய இலட்சியங்களைத் தாண்டித் தனக்கென்று இலட்சியங்கள் உண்டா என்பது கஸ்தூரிபாவுக்கே ஒருவேளை தெரியாமல் இருக்கலாம் என்கிற பொருளில் காந்தி சொல்கிறார். வாசலில் நின்று அப்படி ஒரு கேள்வி கேட்ட பெண்ணைப் பற்றித்தான் இதையும் சொல்கிறார்!

மனைவியைத் தள்ளப் போனதை எழுதியதில் தப்பில்லை. அவளுக்குள் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்று எழுதினார் பாருங்கள், அங்கேதான் ஏதோ இடறுகிறது. இதை ஒரு முடிவாக இப்போதைக்குச் சொல்லவில்லை. கையில் வைத்துக்கொள்கிறேன்.

*

"அப்ப எல்லாத்துக்கும் அனுமதி வாங்கணுமா?" என்று ஒரு நண்பன் கேட்டான். இதைப் பற்றிப் பேசிக்கொண்டே டீக்கடையில் நின்றிருந்தோம். "அனுமதி வாங்கித்தான் எழுதணும்னா இந்த நாட்ல பாதிப் புத்தகம் வந்திருக்காது மச்சி. அடிச்சவன்கிட்ட போய் அடிச்சத எழுதட்டுமான்னு கேப்பியா?"

அவன் சொல்வது சரி. அனுமதி என்பதை விதியாக வைத்தால் அந்த விதி எப்போதும் பலமுள்ளவன் பக்கம்தான் நிற்கும். குடும்ப மானம், ஊர் மானம், சபை மானம் என்று பேசுகிறவர்கள் எல்லாரும் கடைசியில் கேட்பது ஒன்றுதான்: வாயை மூடு.

பாமாவின் 'கருக்கு' 1992-இல் வந்தது. கன்னியாஸ்திரீ மடத்தில் ஏழு வருடம் இருந்துவிட்டு வெளியே வந்த ஒரு தலித் பெண் எழுதியது. அதில் ஒரு காட்சி. பள்ளி விட்டு வரும் சிறுமி, தன் தெருப் பெரியவர் ஒருவர் பலகாரப் பொட்டலத்தைக் கையால் தொடாமல், கட்டியிருந்த சணலைப் பிடித்துத் தொங்கவிட்டபடி கொண்டுபோவதைப் பார்க்கிறாள். அவளுக்குச் சிரிப்பு வருகிறது. வீட்டில் வந்து சொல்லிச் சிரிக்கிறாள். அண்ணன்தான் விளக்குகிறார்: தொட்டால் தீட்டு என்று நாயக்கர் நினைப்பார், அதனால்தான் அப்படி. சிரிப்பு அங்கே நின்றுபோகிறது.

இதை எழுத அந்த நாயக்கரிடம் அனுமதி கேட்க வேண்டும் என்று யாராவது சொன்னால் அது அபத்தம். மடத்துக்குள் பார்த்த பாகுபாட்டை எழுத மடத்திடம் கேட்க வேண்டுமா? வேண்டாம். அதுவரை எனக்குச் சந்தேகமே இல்லை.

சிக்கல் அடுத்ததில் இருக்கிறது. புத்தகம் வந்தபின் பாமாவின் மேல் கோபப்பட்டவர்களில் அவருடைய சொந்த ஊர்க்காரர்களும் உண்டு. சில மாதங்கள் அவரால் ஊருக்குள் போக முடியவில்லை. பிறகு மெல்லத்தான் ஊர் சமாதானமானது. அவர்கள் பலமுள்ளவர்கள் இல்லை. அந்தச் சணலைப் பிடித்துத் தூக்கிப் போனவர்கள். போலீஸ் அடியிலிருந்து ஓடி ஒளிந்தவர்கள். தலைமறைவாக இருந்த தகப்பன் செத்துப்போன தன் பிள்ளையின் முகத்தைப் பார்க்க வேண்டும் என்பதற்காக, அவனுக்குச் சேலை கட்டிப் பெண்ணைப் போலக் கூட்டிவந்தவர்கள். தங்கள் வறுமை, தங்கள் வீட்டுச் சண்டை, தங்கள் தெருவின் பட்டப்பெயர்கள் எல்லாம் அச்சில் வந்துவிட்டதே என்று அவர்களுக்கு இருந்த கூச்சத்தைச் 'சாதித் திமிர்' என்றோ 'ஆதிக்கம்' என்றோ ஒதுக்க முடியாது.

நம்மை அடித்தவனைப் பற்றி எழுதும்போது நம் கூடவே அடிபட்டவர்களையும் எழுதிவிடுகிறோம். அவர்களிடம் என்ன பதில் சொல்வது?

என் அம்மா அந்த இரண்டாவது வரிசையில் நிற்கிறவள். அப்பாவைத்தான் எழுதுகிறேன் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அப்பா செத்துவிட்டார், அவருக்கு ஒன்றும் இல்லை. தெருவில் நடந்து போகிறவள் அம்மா. தீப்பெட்டி ஆபீஸில் கூட வேலை செய்த பெண்களின் பிள்ளைகள் எல்லாரும் இப்போது கையில் போன் வைத்திருக்கிறார்கள். "ஏக்கா, ஒம்மவன் எழுதிருக்கானாமே" என்று ஒருத்தி கேட்டிருக்கிறாள். இதையும் அக்கா மகள்தான் எனக்குச் சொன்னாள்.

*

இன்னொரு புத்தகத்தைப் பற்றிச் சொன்னால்தான் நான் எங்கே வருகிறேன் என்பது புரியும்.

ஆன் ஃபிராங்கின் டைரியைப் பள்ளி வயதில் படிக்காதவர்கள் குறைவு. 1942 ஜூன் 12, பதின்மூன்றாவது பிறந்தநாளுக்குப் பரிசாக வந்த நோட்டு. அடுத்த மாதமே ஆம்ஸ்டர்டாமில் ஒரு கட்டடத்தின் பின்பகுதியில் குடும்பத்தோடு ஒளிந்துகொள்கிறார்கள். 1944 ஆகஸ்ட் 4 அன்று பிடிபடுகிறார்கள். எட்டுப் பேரில் திரும்பி வந்தவர் அவளுடைய அப்பா ஓட்டோ மட்டும். அவர்தான் டைரியை 1947-இல் வெளியிட்டார். மகள் தன் அம்மாவைப் பற்றிக் கடுமையாக எழுதியவற்றில் சிலவற்றை அந்த முதல் பதிப்பில் நீக்கினார். செத்துப்போன மனைவியின் மானமா, செத்துப்போன மகளின் சொல்லா? நானாக இருந்தால் என்ன செய்திருப்பேன் என்று இன்றும் எனக்குத் தெரியவில்லை.

அந்த எட்டாவது ஆள் ஒரு பல் மருத்துவர். டைரியில் அவர் பெயர் டுசல். ஆன் வைத்த புனைபெயர். ஜெர்மன் மொழியில் கிட்டத்தட்ட 'மடையன்' என்று அர்த்தம் வரும். சின்ன அறையை அவரோடு பங்கிட்டுக்கொள்ள வேண்டியிருந்த சிறுமிக்கு அவரைக் கண்டாலே ஆகாது. படிக்கிற நமக்கும் ஆகாது. பிடிவாதக்காரர், சுயநலக்காரர், மேஜைக்காகச் சண்டை போடுகிறவர். பத்தாம் வகுப்பில் படித்தபோது நான் அவரை மனதாரத் திட்டியிருக்கிறேன்.

அவருடைய நிஜப் பெயர் ஃபிரிட்ஸ் பெஃபர். ஷார்லட் என்ற கத்தோலிக்கப் பெண்ணைக் காதலித்தார். யூதர்களும் யூதரல்லாதவர்களும் மணக்கக்கூடாது என்ற நாஜிச் சட்டத்தால் அவர்களால் கல்யாணம் செய்துகொள்ள முடியவில்லை. முதல் திருமணத்தில் பிறந்த மகனை 1938-இல் தனியே இங்கிலாந்துக்கு அனுப்பி வைத்திருந்தார். அந்த அறையில் இருந்த காலம் முழுக்க அவர் மகனைப் பார்க்கவில்லை. ஷார்லட் அதே ஊரில்தான் இருந்தார், அவரையும் பார்க்க முடியவில்லை. 1944 டிசம்பரில் நொயென்காம முகாமில் இறந்தார். போருக்குப் பிறகு ஷார்லட், இறந்த அந்த மனிதரையே முறைப்படி சட்டத்தின்படி மணந்துகொண்டார். உலகம் முழுக்கத் தன் கணவரை ஒரு கோமாளியாகப் பார்த்தது அவரைக் கடைசி வரை வருத்தியது.

ஆன் மேல் தவறு சொல்ல நான் யார்? பதின்மூன்று வயது. இரண்டு வருடம் ஜன்னல் திறக்காத வீடு. அவள் யாரிடம் அனுமதி கேட்பாள்? ஆனால் இதே சிறுமி 1944 ஜனவரியில் ஒரு வேலை செய்தாள். தன் பழைய பக்கங்களைத் திரும்பப் படித்தாள். அம்மாவைப் பற்றி அவ்வளவு ஆத்திரமாக எழுதியது நான்தானா என்று அதிர்ந்துபோனாள். அம்மாவின் இடத்திலிருந்து யோசிக்காமல் போனோமே என்று எழுதி வைத்தாள். கிழித்துப் போடவில்லை. பழையதையும் வைத்தாள், புதிதாகத் தோன்றியதையும் பக்கத்தில் வைத்தாள். பதினாலு வயசு! நான் முப்பத்தைந்து வயதில் செய்யாதது அது.

பெஃபருக்கு அந்த இரண்டாவது பக்கம் கிடைக்கவில்லை. அவளுக்கு நேரம் கிடைக்கவில்லை.

இப்போது கையில் வைத்திருந்ததை எடுக்கிறேன். பெஃபர் மேஜைக்காகச் சண்டை போட்டது நடந்தது. அதை அவள் எழுதலாம், எழுதத்தான் வேண்டும். ஆனால் 'டுசல்' என்ற அந்தப் பெயர் ஒரு தீர்ப்பு. இந்த ஆள் இவ்வளவுதான் என்று சொல்லி மூடிவிடுகிற மூடி. காந்தி கஸ்தூரிபாவின் இலட்சியங்களைப் பற்றிச் சொன்னதும் அப்படி ஒரு மூடிதான். நமக்கு ஒருவர் என்ன செய்தார் என்பது நம்முடையது. அதற்கு எவரிடமும் கை கட்டி நிற்க வேண்டியதில்லை. அவர் உள்ளுக்குள் என்னவாக இருந்தார் என்பது நம்முடையது இல்லை. அந்த இடத்துக்கு நாம் வாடகைக்குக்கூடப் போனதில்லை.

இது கொடுமை செய்தவனுக்குச் சலுகை தருவதாகாதா என்று கேட்கலாம். நானும் என்னிடம் கேட்டுக்கொண்டேன். மறுபடி அந்தப் பொட்டலக் காட்சியைப் பாருங்கள். அங்கே நாயக்கரின் மனசுக்குள் நுழைந்து 'அவர் கெட்டவர்' என்று நிரூபிக்க வேண்டிய தேவையே வரவில்லை. ஒரு கிழவர், ஒரு சணல், தொங்கும் பொட்டலம். போதும். செய்ததை முழுசாகச் சொன்னால் குற்றச்சாட்டு இன்னும் பலமாகத்தான் நிற்கிறது. உள்மனதைப் பற்றி நாம் சேர்க்கிற வாக்கியங்கள் பெரும்பாலும் நம் வசதிக்காகச் சேர்ப்பவை.

*

உ.வே.சாமிநாதையரின் 'என் சரித்திரம்' நூலை நம் வயதுக்காரர்கள் தடிமனைப் பார்த்தே தள்ளி வைத்துவிடுகிறோம். 1940-இல் ஆனந்த விகடனில் தொடராக வரத் தொடங்கி, 1942-இல் அவர் மறைந்தபோது முடிவுறாமல் நின்றது. அவருக்கு ஆசிரியர் மீனாட்சிசுந்தரம் பிள்ளை என்றால் தெய்வம். மாயூரத்தில் பிள்ளையிடம் தமிழ் படிக்கும்போதே, அங்கிருந்த கோபாலகிருஷ்ண பாரதியாரிடம் சங்கீதமும் கற்றுக்கொள்கிறார். பாரதியார் வாயிலாகவே விஷயம் பிள்ளைக்குத் தெரிய வருகிறது. பிள்ளைக்கு அது பிடிக்கவில்லை. சங்கீதத்தில் மனம் போனால் இலக்கியத்தில் கருத்து நிற்காது என்று நினைக்கிறார். மாணவர் சங்கீதத்தை விட்டுவிடுகிறார்.

இதை அறுபது எழுபது வருடம் கழித்து எழுதுகிறார். ஆசிரியருக்குப் பொறாமை என்றும் எழுதவில்லை, அது தியாகம் என்றும் ஊதிப் பெருக்கவில்லை. நடந்ததை வைத்துவிட்டு நகர்ந்துவிடுகிறார். பிள்ளையின் பிரியமும் தெரிகிறது, அந்தப் பிரியத்துக்குள் இருந்த இறுக்கமும் தெரிகிறது. எது எவ்வளவு என்பதை நாம்தான் எடை போட வேண்டும். பயபக்தியால் அடங்கி எழுதியிருக்கிறார் என்றும் நீங்கள் சொல்லலாம். எனக்கு இப்போது அது பயமாகத் தெரியவில்லை.

நளினி ஜமீலாவின் கதை இதற்கு எதிர்முனை. திருச்சூரில் பாலியல் தொழில் செய்தவர். 2005-இல் மலையாளத்தில் அவருடைய சுயசரிதை ஒரு பத்திரிகையாளரின் உதவியோடு வெளிவந்து பரபரப்பாக விற்றது. ஆனால் அச்சில் பார்த்தபோது அது தன் குரலாக இல்லை என்று அவருக்குப் பட்டது. விற்பனை நன்றாக இருக்கும்போதே, தன் கதையைத் தானே திருத்தி இன்னொரு வடிவமாக மறுபடி வெளியிட்டார். பிறகு ஆங்கிலத்துக்குப் போனது அந்த இரண்டாவது வடிவம்தான். தன்னைப் பற்றி வேறொருவர் எழுதியது, எவ்வளவு நல்லெண்ணத்தோடு எழுதப்பட்டிருந்தாலும், 'இது நான் இல்லை' என்று சொல்ல ஒருவருக்கு உரிமை இருக்கிறது. அவர் அதைச் சொன்னார்.

என் அம்மாவுக்கு இரண்டாவது பதிப்பு எங்கே வரும்? அவளுக்கு இருப்பது ஒரு ரசக் கரண்டியும் ஒரு வாக்கியமும்தான்.

*

அடுத்த தடவை ஊருக்குப் போனபோது கட்டுரையைத் தாளில் எடுத்துக்கொண்டு போனேன். "ஒக்காரும்மா, நான் படிக்கிறேன்" என்றேன். அவித்த கடலையை உரித்துக்கொண்டே கேட்டாள். ஒரு பத்தி வந்தது. எனக்கு மிகவும் பிடித்த பத்தி. எனக்கு ஒன்பது வயதில் ஓர் இரவு, அப்பா குழம்புச் சட்டியை வாசலில் எறிந்து உடைக்கிறார். பிறகு திண்ணையில் சாய்ந்து தூங்கிவிடுகிறார். அடுப்படி மூலையில் அம்மா முதுகைக் காட்டிக் குனிந்து உட்கார்ந்திருக்கிறாள், தோள் அசைகிறது, சத்தமே இல்லாமல் அழுகிறாள். பாராட்டியவர்கள் எல்லாரும் இந்த இடத்தைத்தான் சொன்னார்கள்.

அம்மா கடலை உரிப்பதை நிறுத்தினாள்.

"நான் எங்கய்யா அழுதேன்?"

"நான் பாத்தேம்மா."

"நீ முதுகத்தான பாத்த. நான் சீட்டுப் பணத்த எண்ணிக்கிட்டு இருந்தேன். அரிசிப் பானைக்குள்ள துணியில முடிஞ்சு வச்சிருந்தேன். எல்லாம் சில்லறை. சத்தம் வராம எண்ணணும்ல, ஒங்கப்பா முழிச்சிட்டா?"

மறுநாள் விடிகாலை முதல் பஸ்ஸில் எங்கள் இருவரையும் கூட்டிக்கொண்டு சிவகாசிக்குச் சித்தி வீட்டுக்குப் போய்விடுவது என்று முடிவு செய்திருந்தாளாம். மூன்று டிக்கெட்டுக்குப் பணம் இருக்கிறதா, போனபின் ஒரு மாதம் ஓட்ட முடியுமா, அங்கே உள்ள ஆபீஸில் கட்டை அடுக்க எடுத்துக்கொள்வார்களா, எல்லாவற்றையும் அந்த இருட்டில் கணக்குப் போட்டுக்கொண்டு இருந்திருக்கிறாள். இருபத்தாறு வருடமாக நான் அவளை அந்த மூலையில் அழ வைத்துக்கொண்டிருந்தேன்.

அப்பாவைப் பற்றி நான் எழுதியதில் அவள் எதையும் மறுக்கவில்லை. அடித்தது, எறிந்தது எல்லாம் நடந்தது என்றாள். ஒன்று மட்டும் கேட்டாள். "நாக்பூர் டிரிப் போய்ட்டு வந்தா ஆரஞ்சுப் பழம் கொண்டாந்து ஒங்கக்காளுக்கு நார் எல்லாம் எடுத்துக் குடுப்பாரே, அத மறந்துட்டியா? இல்ல வேணும்னே விட்டியா?"

மறக்கவில்லை. எழுதும்போது ஞாபகம் வந்தது. கட்டுரையின் இறுக்கம் தளர்ந்துவிடும் என்று விட்டேன். அதை அவளிடம் சொன்னேன். "ம்" என்றாள். "அதச் சேத்தா அவரு நல்லவராயிருவாருன்னு சொல்லல. கேட்டேன், அவ்வளவுதான்."

அந்த விடிகாலையில் ஏன் நாங்கள் பஸ் ஏறவில்லை என்று கேட்டேன். சொன்னாள். நீளமாக, நடுவில் நிறுத்தி நிறுத்தி, அன்றைக்கு மாதிரியே எனக்கு முதுகைக் காட்டியபடி அடுப்படி மேடையைத் துடைத்துக்கொண்டே சொன்னாள். நான் படித்த எந்தச் சுயசரிதையிலும் இல்லாத ஒரு காரணம். ஒரு எழுத்தாளனுக்கு இதைவிடப் பெரிய சொத்து கிடைக்காது. சொல்லி முடித்துத் திரும்பினாள்.

"இத மட்டும் எழுதாத."

என் பழைய வாக்கியம், 'என் வாழ்க்கையை நான் எழுத யார்கிட்ட கேக்கணும்', எனக்குள் ஒரு தடவை எழுந்து பார்த்தது. ஆனால் இந்தக் காரணம் என் வாழ்க்கை இல்லை. அந்த பஸ்ஸைத் தவறவிட்டதன் விளைவுகள் என்னுடையவை. குழம்புச் சட்டி உடைந்த சத்தம் என்னுடையது. அதன்பின் வந்த எல்லா இரவுகளும் என்னுடையவை. அவற்றை எழுதுவேன், யாரையும் கேட்க மாட்டேன். அந்தக் காரணம் அவளுடையது.

சிற்றிதழின் ஆசிரியரிடம் பேசியிருக்கிறேன். கட்டுரை தொகுப்பாக வரும்போது அந்தப் பத்தியை மாற்றி எழுதித் தருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். "ஏங்க, அதுதானே அதுல பெஸ்ட்டு" என்றார். ஆமாம். பழைய பத்தியை அழிக்கப் போவதில்லை, ஒன்பது வயதுப் பையனுக்கு அப்படித்தான் தெரிந்தது என்பதும் நடந்ததுதான். அதன் பக்கத்தில் அரிசிப் பானையையும் சில்லறையையும் வைக்கப் போகிறேன். ஆரஞ்சுப் பழத்தையும்.

எழுதி முடித்ததும் முதலில் அம்மாவுக்குப் படித்துக் காட்ட வேண்டும். அனுமதிக்காக என்று சொல்ல மாட்டேன். அவள் திருத்துவாள். எனக்கு அது தேவை.